பூங்கா இல்லாத ஏழு நாள்

என் அத்தான் பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கி விளக்கி என் அக்காவுக்கு அலுத்துப்போய்விட்டது. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவார். டப்பாவின் மேல் ஒரு நம்பரும் பல் என்ன நிறத்தில் வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும், அவ்வளவுதான். அந்த வாய் ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூட அத்தானுக்குத் தெரியாது. அவர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை நிறுத்தி, ராவி, தேய்த்துப் பளபளப்பாக்கி, அதே டப்பாவில் வைத்துத் திருப்பி அனுப்புவார். நோயாளி டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் என் அத்தான் செய்த பல்லால்தான் மென்று தின்கிறார்கள். ஒருவருக்கும் அவர் யாரென்று தெரியாது.

அவருடைய பட்டறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. உள்ளே கால் வைத்தால் பிளாஸ்டர் தூசி மூக்கில் ஏறும். சுவரோரம் அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாக மேல்வாயும் கீழ்வாயும். நான் முதல் முறை போனபோது, "என்ன அத்தான், இத்தனை பேர் சேர்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்து, "கடைவாயில சொத்தை இருக்கு, சீக்கிரம் காட்டு" என்றார். அவர் அப்படித்தான். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில், "உன் வீட்டுக்காரர் ஏன் என் மூஞ்சியையே பார்க்க மாட்டேங்கிறார்?" என்று எங்கள் சொந்தக்காரர்கள் அக்காவிடம் சண்டைக்கு வந்தார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அக்காவின் தங்கை. குடிநீர் வாரியத்தில் புகார் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராதவர்கள், அழுக்காக வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறதே என்று வயிறு எரிகிறவர்கள், எல்லோரும் என்னிடம்தான் வந்து கத்துவார்கள். கேட்டு, எழுதி, மேலே அனுப்புவது என் வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எங்களுக்கு ஓர் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். காலையில் தொடங்கி இருட்டும்வரை, "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துபோன மனிதர். அத்தான் ஒரு நாளைக்குப் பேசுவதை அவர் ஒரு தெரு திரும்புவதற்குள் பேசிவிடுவார். அப்படியிருந்தும் இருவருக்கும் அப்படி ஒத்துப்போயிற்று. "மச்சான்" என்று அத்தானும் "மாப்பிள்ளை" என்று அண்ணனும், வாரத்துக்கு நான்கு நாள் ஒரே வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த நல்ல காலத்தில்தான் இருவரும் சேர்ந்து அந்த டைம்ஷேரை வாங்கினார்கள்.

வாங்கிய கதையே ஒரு கூத்து. ஒரு ஹோட்டலில் காலை டிபன் இலவசம், ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டால் போதும் என்று கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் மத்தியானம் வரைக்கும் இழுத்தது. டை கட்டிய ஒருவன், "சார், வருஷத்துல ஒரு வாரம் இந்த வீடு உங்களோடது. உங்க பிள்ளைங்க, அவங்க பிள்ளைங்க, எல்லாருக்கும்" என்று குழைந்தான். அண்ணன் உருகிவிட்டார். அத்தான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்பல் ரெண்டும் பொய்ப்பல்" என்று என் காதில் சொன்னார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேர் பேரிலும் பத்திரம். ஒரு ரிசார்ட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சின்னச் சமையலறை உள்ள வீடு, வருஷத்தில் ஏழு நாள், ஆயுசுக்கும்.

உண்மையைச் சொன்னால் யாரும் அந்த வீட்டுக்காக வாங்கவில்லை. ரிசார்ட்டின் மதில் தாண்டி எதிர்ப்பக்கம் பெரிய தீம் பார்க். டைம்ஷேர் வைத்திருப்பவர்களுக்குக் குடும்பம் மொத்தத்துக்கும் பாஸ் இலவசம். காலையில் வாசலுக்கே பஸ் வரும். மற்றவர்களுக்குக் கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே எங்களை உள்ளே விட்டுவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் எங்கள் ராஜ்யம். வரிசை கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. அக்காவின் மகன்களும் அண்ணனின் மகளும் இறங்கின ஊஞ்சலிலேயே திரும்ப ஏறுவார்கள். மதிலுக்கு வெளியே காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நிற்பவர்களைப் பார்த்து அண்ணன் ராஜா மாதிரி கையாட்டுவார். எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

பிறகு எங்கள் அப்பா இறந்துபோனார்.

அப்பாவுக்கு மேலும் கீழும் பல் செட். அத்தான் செய்து கொடுத்தது. அவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பல் செட் குளியலறையில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. கூடத்தில் படுக்க வைத்தபோது கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, யாரோ ஒரு தெரியாத கிழவர் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அக்கா பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அத்தான் யாரையும் கேட்கவில்லை. போய்ப் பல்லை எடுத்துக் கழுவி, அப்பாவின் தாடையை மெதுவாகத் திறந்து, உள்ளே வைத்து மூடினார். அப்பா முகம் திரும்ப வந்துவிட்டது. நான் அப்போதுதான் அழவே ஆரம்பித்தேன்.

வெளியூர் போயிருந்த அண்ணன் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். அப்பாவைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். கூடம் நிறைய ஆட்கள். துக்கத்தில் மனிதனுக்கு யார் மேலாவது பாயவேண்டும் போலிருக்கிறது. "செத்தவர் வாயிலயும் உங்க கடை போர்டை மாட்டணுமா?" என்று கேட்டுவிட்டார்.

அத்தான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த எட்டு வருஷமும் சொல்லவில்லை. அண்ணன் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் மாலையில் வருவார். மிஞ்சியது அந்த ஒரு வாரம்தான். பணம் கட்டியாயிற்று, பாஸ் சும்மா கிடைக்கிறது, பிள்ளைகள் விடமாட்டார்கள். அதனால் அந்த ஏழு நாள் மட்டும் இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே.

பேசாமல் இருப்பதற்கு அந்தப் பார்க் மாதிரி வசதியான இடம் உலகத்தில் கிடையாது. ஒரே பாட்டு, ஒரே கூச்சல். யார் யாரோடு பேசவில்லை என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஆளுக்கொரு பக்கம் போய், கிடைத்த கடையில் சாப்பிட்டு, களைத்துப்போய் வந்து படுத்தால், காலையில் மறுபடி பஸ். இடையில் ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் இருக்கவே இருக்கிறேன் நான். "அவர்கிட்ட சொல்லு, பஸ் வந்துடுச்சுன்னு." "சாவியை எங்க வெச்சார்னு கேளு." இருவரும் என் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சொல்வார்கள். நான் இவர் முகத்திலிருந்து அவர் முகத்துக்குத் திரும்பி, கேட்டதையே திரும்பச் சொல்வேன்.

அக்கா அந்த வாரத்துக்காக ஒரு மாதம் முன்பே பெட்டி கட்டுவாள். நாங்கள் எல்லாம், இந்த வயதில் இவளுக்குப் பார்க் மேல் என்ன இவ்வளவு ஆசை என்று கேலி செய்வோம்.

இந்த வருஷம் போனில் ஒரு செய்தி வந்தது. பார்க் கைமாறிவிட்டதாம். இனி இலவச பாஸ் இல்லை, முன்கூட்டி நுழைவதும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் அப்படியே இருக்கும், அதாவது வழக்கம்போல் ஏறும். வேண்டாதவர்கள் இந்த வருஷத்துக்குள் ரிசார்ட் அலுவலகத்துக்கு நேரில் வந்து, பத்திரத்தில் பேர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் அத்தானைக் கேட்டேன். "கொடுத்துடலாம்" என்றார். அண்ணனுக்குப் போன் போட்டேன். "தலை முழுகுங்க அதை! பார்க் இல்லாம அங்க போய் மதிலையா பார்த்துட்டு உட்காருறது?" என்று கத்தினார். எட்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"இந்த வருஷத்துக்குப் பணம் கட்டியாச்சு இல்ல? கையெழுத்துப் போடவும் போகத்தானே வேணும்? கடைசியா ஒரு தடவை தங்கிட்டுக் கொடுத்துடலாம்னு சொல்லு" என்றாள்.

கட்டின பணம் என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கிளம்பினோம். வளர்ந்த பிள்ளைகள் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லி நின்றுவிட்டார்கள். அத்தான், அக்கா, அண்ணன், அண்ணி, நான், ஐந்து பேர்தான்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கூடத்தில் ஒரே சோபா. இந்த ஓரத்தில் அத்தான், அந்த ஓரத்தில் அண்ணன். நடுவில் நான். "டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு" என்றார் அத்தான். "காது கேட்காதவங்களுக்கு எதுக்கு டிவின்னு கேளு" என்றார் அண்ணன். "காது நல்லாக் கேட்குது, அதான் குறைக்கச் சொல்றேன்னு சொல்லு" என்றார் அத்தான்.

நான் எழுந்து நின்றேன். "ஆபீஸ்லயும் அடுத்தவங்க புகாரை வாங்கி மேல அனுப்புறேன், இங்கயும் அதே பிழைப்பா? என்னை என்ன மனுஷின்னு நினைச்சீங்களா, மைக்குன்னு நினைச்சீங்களா? யாருக்கு யார்கிட்ட என்ன சொல்லணுமோ வாயைத் திறந்து நீங்களே சொல்லிக்கோங்க. இந்த வாரம் கவுன்டர் மூடியாச்சு!"

அண்ணி தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "என்ன உடைஞ்சுது?" என்று கேட்டாள். வருஷக்கணக்கில் சேர்ந்த கோபம் இறங்கி எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பலன் என்ன தெரியுமா? இரண்டு பேரும் சுத்தமாக வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு ஜாடி அத்தான் பக்கம் இருந்தது. அண்ணன் உப்பில்லாமலே சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். வீம்பு பிடித்த ஜென்மங்கள்!

அக்கா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். இத்தனை வருஷமாக அந்தச் சமையலறையில் வெந்நீர் வைத்ததைத் தவிர யாரும் எதுவும் செய்ததில்லை. சாப்பாடு எல்லாம் பார்க்கில்தானே! இந்த முறைதான் மூன்று வேளையும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டி வந்தது. அக்கா கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, அண்ணனுக்குச் சின்ன வயதில் என்னவெல்லாம் பிடிக்கும் என்று விரல்விட்டு எண்ணி எண்ணிச் சமைத்தாள். கோழியை மொறுமொறுவென்று பொரித்தாள். சோளத்தை முழுக் கதிராக அவித்து வைத்தாள். ஆப்பிளை நறுக்கித் தட்டில் அடுக்கினாள்.

அண்ணன் எதையும் தொடவில்லை. ரொட்டியைக் கிள்ளி சூப்பில் ஊறவைத்து விழுங்கினார். கோழியை நகர்த்தி வைத்தார். "போதும், வயிறு சரியில்ல" என்று எழுந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். அக்கா ஆப்பிள் தட்டைக் கையிலேயே கொண்டுபோய் நீட்டினாள். "வேணாம்னா விடேன்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் சமையலறைக்குப் போனபோது அக்கா பாத்திரத் தொட்டி முன்னால் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எட்டு வருஷம் கழிச்சு என் கையால சமைச்சுப் போடுறேன்டி. தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் போறார். கோபம் இவர் மேல மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். என் மேலயும்தான் போல."

"வயிறு சரியில்லேன்னாரே, அக்கா."

"மூணு நாளா? நான் என்ன சின்னக் குழந்தையா?" மூக்கை முந்தானையில் துடைத்தாள். "நாலு நாள் போனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க. அப்புறம் எங்க அண்ணனை நான் எங்க போய்ப் பார்ப்பேன், சொல்லு? யாராவது செத்தாத்தான் பார்க்கணும்."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, ஒரு மாதம் முன்பே கட்டிய பெட்டி எல்லாம் யாருக்காக என்று. கூடவே இருந்த எனக்கு இத்தனை வருஷம் இது தெரியவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

திரும்பினால் வாசலில் அத்தான். கையில் காலி டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. டம்ளரை அலமாரி மேல் வைத்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கவுன்டர் மூடியிருப்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, கூடத்தைக் கடந்து அண்ணன் அறைக் கதவை அவரே தட்டினார்.

அண்ணன் கதவைத் திறந்து, எதிரில் நிற்பவரைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"மச்சான், அதைக் கழட்டுங்க" என்றார் அத்தான்.

"எதை?"

"வாயில இருக்கறதை. மேல, இடது பக்கம் அழுத்துது. இந்நேரம் புண்ணாகியிருக்கும்."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. என்னை முறைத்தார். "எனக்கே தெரியாது! என்னை எதுக்கு முறைக்கறீங்க?" என்றேன். அவர் அண்ணியைப் பார்த்தார். "நான் மூச்சு விடலப்பா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்னைச் சத்தியம் பண்ண வெச்சீங்களே!" என்றாள் அண்ணி. அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, அண்ணன் பல் கட்டியிருக்கிறார் என்று. போன வருஷம் முன்பல் நான்கும் பக்கத்தில் இரண்டும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற பிளேட் போட்டுக்கொண்டாராம்.

"யாரும் சொல்லல" என்றார் அத்தான். "அதைச் செஞ்சது நான்தான்."

அண்ணன் கை வாய்க்குப் போயிற்று.

"நீங்களா? நான் ஊரோட அந்தக் கோடியில இருக்கற டாக்டர்கிட்ட இல்ல போனேன்! உங்ககிட்ட வரக் கூடாதுன்னுதானே அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போனேன்!"

"டாக்டர் பல் செய்யறதில்ல மச்சான். அச்சுதான் எடுப்பார். ஊர்ல பாதி டாக்டருங்க எனக்குத்தான் அனுப்புறாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற மனிதர், ஊரைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் புறப்பட்ட வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தியிருக்கிறார்!

"டப்பா மேல என் பேரு இருந்ததா?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"நம்பர்தான் இருந்தது. பிளாஸ்டர் ஊத்திப் பிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. மேல் அண்ணம் இந்தப் பக்கம் மட்டும் பள்ளமா இருக்கும். அப்படியே மாமா வாய். மாமாவுக்கு நான் எத்தனை தடவை வெச்சு வெச்சுப் பார்த்துச் சரி பண்ணியிருக்கேன்! தெரியாமப் போகுமா?" அத்தான் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. "நல்லாத்தான் செஞ்சேன். ஆனா பல் எடுத்த பிறகு ஈறு வத்திக்கிட்டே வரும். திரும்பப் போய்க் காட்டி அடியில சரி பண்ணிக்கணும். நீங்க போகலை. முதல் நாள் சூப்பு குடிக்கும்போதே பார்த்தேன். சொல்றதா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சுட்டு இருந்தேன். உள்ள அவ அழுறா. நீங்க அவ மேல கோபமா இருக்கீங்கன்னு."

"அவ மேல எனக்கு என்ன கோபம்?" அண்ணன் பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெல்ல முடியல மாப்பிள்ளை. உயிர் போகுது வலி. உங்க முன்னாடி உட்கார்ந்துட்டு அதைச் சொல்ல முடியுமா?"

மாப்பிள்ளை என்ற சொல் அவருக்கே தெரியாமல் வந்து விழுந்துவிட்டது. அக்கா குழாயை மூடிவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளேட்டைக் கழற்றி அத்தான் கையில் வைத்தார். திரும்பியபோது கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் நாங்கள் பார்த்துவிட்டோம். உதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, பத்து வயது கூடின மாதிரி இருந்தது. அக்கா "ஐயோ, அப்பா" என்றாள்.

"என்ன?" என்றார் அண்ணன்.

அக்கா அன்றைக்குப் போலவே திரும்பிக்கொண்டாள். அண்ணன் அத்தானைக் கேட்டார். "அன்னைக்கு அப்பா... நீங்க பல் வைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

அண்ணன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்ததே! அப்பாவின் அந்த முகத்தை அவர் பார்க்கவேயில்லை. அது இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"இப்ப நீங்க இருக்கற மாதிரி" என்றார் அத்தான்.

அண்ணன் குளியலறைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கண்ணாடி உண்டு. வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் மட்டும் சிவந்திருந்தது.

"நான் அன்னைக்குப் பேசினது..." என்று ஆரம்பித்தார். அத்தான் முடிக்க விடவில்லை.

"நானும் கேட்டுட்டு வெச்சிருக்கணும். மகன் நீங்க. உங்களைக் கேட்காம அவர் வாயைத் தொட்டது தப்புதான்."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்."

"தெரியும். அதான் கேட்கல."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அண்ணன் பல்லில்லாத வாயைப் பொத்தாமலே சிரித்தார். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானே ஒழுங்காகப் பார்க்கிற நிலையில் இல்லை.

அத்தான் கீழே போய் ரிசார்ட்டின் மராமத்து ஆளிடம் மிக மெல்லிய உப்புத்தாள் ஒரு துண்டு வாங்கிவந்தார். பால்கனியில் உட்கார்ந்து, அண்ணன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிளேட்டின் உள்பக்கத்தை இழைத்தார். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, இடது பக்கம் போங்க, போதும் போதும், நிறுத்துங்க" என்று வழி சொன்னார். "மச்சான், வண்டி என்னோடது" என்றார் அத்தான். "இது இப்போதைக்குத்தான். ஊருக்குப் போனதும் பட்டறைக்கு வாங்க, அடியில புதுசாப் போட்டுத் தரேன்."

அன்று சாயங்காலம் அக்கா சோளத்தைத் திரும்பவும் அவித்தாள். அண்ணன் பயந்து பயந்து ஒரு கடி கடித்தார், மென்றார், அத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு கதிர் தின்றார். அக்கா சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பல்லுக்காரர் வீட்டுக்காரி இல்லையா!

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காதை வைக்க முடியவில்லை. எட்டு வருஷப் பேச்சு பாக்கி. அண்ணன் பேசுவார், அத்தான் ஒரு வரி சொல்வார், அண்ணன் அதை மறுத்து அரை மணி பேசுவார். பார்க் ராட்டினம் மதிலுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிக்கெட் வாங்கிப் போகலாமா என்று அண்ணி கேட்டதற்கு ஒருவரும் காது கொடுக்கவில்லை.

கடைசி நாள் பெட்டியோடு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் காகிதத்தை எடுத்து வைத்துப் பேனாவையும் நீட்டினாள். அத்தான் வாங்கப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை கொடுக்கணும்? வெச்சுக்கலாம்."

"தலை முழுகச் சொன்னதே நீங்கதானே?"

"அது அப்போ. பார்க் போனா போகட்டும், வீடு இருக்குல்ல?"

"வருஷா வருஷம் கட்டணத்தை ஏத்துறான். பாஸும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அந்தப் பணத்துக்கு நமக்குத் தோணின இடத்துல தோணின நேரத்துல ரூம் எடுத்துத் தங்கலாம்."

"தங்கலாம்! தங்குவோமா? பணம் கட்டாம இருந்திருந்தா இந்த எட்டு வருஷத்துல நாம ஒரு தடவையாவது சேர்ந்து கிளம்பியிருப்போமா? கட்டின பணம் வீணாகக் கூடாதேன்னு இல்ல வந்தோம்!"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கணக்குப் பார்த்தால் அத்தான் சொல்வதும் சரி. அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் அதே காகிதத்துக்காக நின்றது. கடைசியில் அண்ணன் அக்காவிடம் திரும்பினார். "நீ சொல்லு. உனக்குத்தானே இந்த இடம் உயிரு? நீ வேணும்னு சொன்னா நான் பாதி இல்ல, முழுசும் கட்டறேன்."

அத்தானும் அக்காவைப் பார்த்தார். அவள் தயங்கவேயில்லை.

"கொடுத்துடுங்க" என்றாள்.

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "என்ன, இப்படிச் சொல்ற?"

"எனக்கு ராட்டினம்னா உயிருன்னா நினைச்சீங்க? தலை சுத்தும் அண்ணா எனக்கு. ஒரு தடவைகூட நான் ஏறினதில்ல. கீழ நின்னு உங்க பையைப் பிடிச்சுட்டு இருப்பேன். நீங்க இறங்கி வந்து பையை வாங்கும்போது, 'வெயில்ல நிக்காதே'ன்னு சொல்வீங்க. அவ்வளவுதான் பேசுவீங்க. அதுக்குத்தான் எட்டு வருஷமா வந்தேன்." அவள் அண்ணன் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வருஷத்துல ஏழு நாள் எனக்குப் பத்தல அண்ணா. வீட்டுக்கு வாங்க."

அண்ணன் பேனாவை வாங்கி, காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, எங்கே போடவேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டு, கையெழுத்துப் போட்டார். பேனாவை அத்தானிடம் நீட்டியவர் அதை விடாமலே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு வீட்ல இருப்பீங்களா, மாப்பிள்ளை?"